மேலே பச்சை, கீழே சிவப்பு

செப்டம்பர் 20, சனி

இன்றைக்கும் பல்பு போயிற்று. ஒன்று ஒயரைத் தொட்டதுமே 'டிக்' என்று கறுத்தது. இன்னொன்று கண் கூசும்படி எரிந்து, கருகல் வாசனையோடு அணைந்தது. அப்பா ஒவ்வொரு தடவையும், "கடைக்காரன் ஏமாத்திட்டான் கண்ணு" என்றார்.

போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு வெள்ளை எல்.இ.டி.யைப் பட்டன் பேட்டரியில் செருகிப் பேனா மூடியில் ஒட்டியிருக்கிறேன். இந்த வெளிச்சம் வெளியே தெரியாது. அம்மா பார்த்தால் பரீட்சைக்குப் படிக்காமல் என்ன எழுதுகிறாய் என்று கேட்பாள். என்ன பதில் சொல்வது? வீட்டில் ஏதோ நடக்கிறது, என்னவென்று எனக்குப் புரியவில்லை, அதனால் எழுதுகிறேன் என்றா?

அப்பா லோகோ பைலட். ஈரோட்டிலிருந்து பாசஞ்சர் ரயில் ஓட்டுகிறார். தீபாவளிக்குக்கூட லீவு கிடைக்காதவர், இந்த மாதம் முழுக்க வீட்டில் இருக்கிறார். கேட்டால் "சேத்து வெச்ச லீவு" என்கிறார். அம்மாவைக் கேட்டாலும் "சேத்து வெச்ச லீவு" என்கிறாள். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்வதுதான் பயமாக இருக்கிறது.

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னறையில் ப்ளைவுட் பலகை மேல் ஒரு ரயில் பாதை இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா கட்டியது. ஸ்டேஷன், தீப்பெட்டி அட்டையில் செய்த கேபின், இரண்டு பாலம், பாதை ஓரமாக என் சுண்டுவிரல் உயரத்தில் சிக்னல் கம்பங்கள். பழைய குட்டி பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடுவதுதான் இந்த லீவின் வேலை என்று அப்பா முடிவு செய்தார். போட்டதெல்லாம் கருகிவிட்டது. இப்போது ஒரு கம்பத்திலும் விளக்கு இல்லை.

நான் ரயிலை ஓட்டப் போனேன். அப்பா தடுத்தார்.

"சிக்னல் எரியலைன்னா என்ன அர்த்தம்?"

"லைட்டு இல்லைன்னு அர்த்தம்."

"இல்ல. சிவப்புன்னு அர்த்தம். எரியலையா, சிவப்பு. தெளிவாத் தெரியலையா, அதுவும் சிவப்புதான். நிறுத்திப் போடோணும். அப்பறந்தான் மத்ததெல்லாம்."

ரயில் நின்றே இருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

பல்புகள் ஏன் கருகின என்று கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் புரியவில்லை.

எல்.இ.டி.க்கு முன்னால், கரண்டைக் குறைக்க ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும். அரிசி மணி மாதிரி இருக்கும். அதன் மேல் வண்ணக் கோடுகள் இருக்கும், அதுதான் அதன் அளவு. எங்களுக்கு வேண்டியது மஞ்சள், ஊதா, பழுப்பு. கருகிய பல்புகளில் எல்லாம் மஞ்சள், ஊதா, கறுப்பு இருந்தது. அதில் கரண்ட் பத்து மடங்கு போகும். மங்கலாக எரிந்ததால் அப்பா கழற்றிப் போட்ட இன்னொரு பல்பில் மூன்றாவது கோடு சிவப்பு. அதில் கரண்ட் பத்தில் ஒரு பங்குதான் போகும்.

இதை எனக்குச் சொல்லித் தந்ததே அப்பாதான். பழுப்பு எது, கறுப்பு எது என்று தெரியாதவரா?

"அப்பா, இது கறுப்பு. பழுப்பு இல்லீங்ப்பா."

அப்பா அதை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"அட ஆமா. பாக்கெட்டு மாறிப் போச்சு. கண்ணாடி வேற மாத்தோணும். நீயே பிரிச்சு வெச்சுரு கண்ணு, உனக்குத்தான் சின்னக் கண்ணு."

பிரித்து வைத்தேன். எந்தப் பாக்கெட்டும் மாறியிருக்கவில்லை.

சாப்பிடும்போது இன்னொன்றைக் கவனித்தேன். அப்பாவின் டம்ளரை அம்மா தனியாகக் கழுவி ஜன்னல் திட்டில் கவிழ்க்கிறாள். எங்கள் டம்ளர்களோடு வைப்பதில்லை. அப்பா படுப்பதும் ரயில் அறையில்தான். சண்டை போட்டுக்கொண்டார்களா? சண்டை போட்டவர்கள் இப்படியா ஒருவருக்கொருவர் வெந்நீர் வைத்துக் கொடுப்பார்கள்?

செப்டம்பர் 22, திங்கள்

அறிவியல் பரீட்சை. மின்சுற்றுப் படம் வந்தது. சரியாகப் போட்டேன். வேறு எதுவும் சரியாக எழுதவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

அப்பா மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பை நிறையத் தக்காளி வாங்கி வந்தார். அம்மா பையைக் கவிழ்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏனுங்க, இது என்னங்க?"

"தக்காளி."

"இது தக்காளிங்களா? ஊறுகாய் போடற காயிங்க. ஒண்ணு பழுத்திருக்குதா பாருங்க. நூறு ரயில் போனாலும் இது பழுக்காது."

"இருட்டுக் கடைல வாங்கிட்டேன் மேகலா."

"காலைல பத்து மணிக்கு எந்தக் கடைங்க இருட்டு?"

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அப்பா ஒரு தக்காளியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். நான் போய்ப் பார்த்தபோது அதை மூக்கருகே வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

துவைக்கப் போட்ட அவருடைய பனியனில் கழுத்துப் பக்கம் ஆரஞ்சுக் கறை. அம்மா அதை மற்ற துணிகளுக்கு அடியில் தள்ளினாள்.

செப்டம்பர் 24, புதன்

எழுத வேண்டாம் என்றுதான் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

இன்று எல்லாக் கம்பங்களுக்கும் பல்பு வைத்து முடித்தேன். ஈயம் உருக்கி ஒட்டுவது எனக்கு இப்போது நன்றாக வருகிறது. மேலே பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. நிஜ சிக்னலிலும் அப்படித்தான். ஆனால் இந்த எல்.இ.டி.கள் எரியாதபோது எல்லாமே தண்ணீர் மாதிரி இருக்கும், எது எந்த நிறம் என்று தெரியாது. பேட்டரியில் வைத்துப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பிரித்து மூன்று கிண்ணங்களில் போட்டிருந்தேன். அம்மா அறையைப் பெருக்கும்போது கிண்ணங்களை நகர்த்தியிருக்கிறாள். நான் கவனிக்காமல் கடைசிக் கம்பத்தில் மாற்றி வைத்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு வெளியே முதலில் நிற்கும் அவுட்டர் சிக்னல் அது. அதில் மேலே சிவப்பு, கீழே பச்சை.

எனக்கும் அது தெரியவில்லை, ரயில் வரும் வரை.

நானும் அப்பாவும் எப்போதும் விளையாடுகிற மாதிரி விளையாடினோம். அவர் லோகோ பைலட், நான் அசிஸ்டென்ட். நிஜ இன்ஜினில் சிக்னலைப் பார்த்ததும் இரண்டு பேரும் கையை நீட்டி, வாய்விட்டு நிறத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் தானும் பார்த்துச் சொல்ல வேண்டும். ரயில் இரண்டு கம்பத்தைத் தாண்டியது. அவுட்டர் வந்தது. நான் பச்சை ஸ்விட்சைப் போட்டேன். மேல் பல்பு எரிந்தது.

சிவப்பாக எரிந்தது.

"அவுட்டர் பச்சை!" என்று அப்பா கையை நீட்டினார். ரயில் போய்க்கொண்டே இருந்தது.

நான் விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

"சிவப்புங்ப்பா."

"பச்சை கண்ணு."

"இல்லீங்ப்பா, மாத்தி வெச்சுட்டேன் போல. சிவப்பு எரியுது."

அப்பா ரயிலை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகம் எனக்குத் தெரியாத யாரோ ஒருவருடைய முகம் மாதிரி ஆயிற்று.

"பச்சைதான். உனக்குக் கண்ணு கூசுது. நெறைய நேரம் ஈயப் புகைல உக்காந்திருக்கறே. போய்ப் படு."

நான் மறுபடி பார்த்தேன். சிவப்பு. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். சிவப்பு. ஆனால் ஆயிரக்கணக்கான சிக்னலைப் பார்த்தவர் அப்பா. அவர் பச்சை என்கிறார்.

அப்படியென்றால் என் கண்ணில்தான் ஏதோ ஆகிவிட்டது.

செப்டம்பர் 25, வியாழன்

காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன். கறிவேப்பிலை பச்சை. மிளகாய்த்தூள் சிவப்பு. ஆனால் கறிவேப்பிலை பச்சை என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்ததால் பச்சையாகத் தெரிகிறதா, பச்சையாக இருப்பதால் பச்சையாகத் தெரிகிறதா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது.

நான் லோகோ பைலட் ஆக வேண்டும் என்று சொன்னது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். கண் டெஸ்டில் நிறம் சரியாகச் சொல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பாவே அதைச் சொல்லியிருக்கிறார். பக்கத்து லைனில் ஒரு மாமா நிறம் தெரியவில்லை என்று இன்ஜினிலிருந்து இறக்கப்பட்டு ஆபீஸில் ஃபைல் தூக்குகிறார். காலனியில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மெடிக்கல்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

என்னையும் அப்படிக் கூப்பிடுவார்களா? அதற்கு முதலில் வேலைக்குச் சேர வேண்டுமே.

அழுதால் கண் இன்னும் கெட்டுவிடுமோ என்று அழவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

கடைசிப் பரீட்சை முடிந்ததும் என் சிநேகிதி நஸ்ரினை வேப்பமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். அவளிடம் மட்டும்தான் கேட்க முடியும்.

"என்கிட்டக் கலர் கேளு. எதை வேணா காட்டிக் கேளு."

"பரீட்சை எழுதி லூசாயிட்டியாடி?"

"கேளுடி."

அவள் தன் ஸ்கெட்ச் பேனாக்களை எடுத்து, பெயர் எழுதிய இடத்தைக் கையால் மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கோடு போட்டாள். நான் சொன்னேன். கிளிப்பச்சை. கரும்பச்சை. செங்கல். ரோஸ். அவள் வளையலைக் காட்டினாள். துப்பட்டா ஓரத்தைக் காட்டினாள். எல்லாம் சொன்னேன்.

கடைசியில் பையிலிருந்து இரண்டு எல்.இ.டி.யை எடுத்துப் பட்டன் பேட்டரிகளில் செருகினேன். வீட்டில் பேட்டரியில் வைத்துப் பார்த்து, எனக்குச் சிவப்பாகத் தெரிந்ததன் காலில் மட்டும் நூல் கட்டியிருந்தேன்.

"இது என்ன கலர்?"

"செவப்பு."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"செவப்புடி! இதுல நல்லாப் பாக்க என்ன இருக்கு? அது பச்சை. கனிஷ்கா, உனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளையத்தான் எலி தின்னுருச்சு."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் "விடு விடு, வேர்க்குது" என்றாள். என் கண் சரியாக இருக்கிறது. சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபோதுதான் தோன்றியது.

என் கண் சரியாக இருக்கிறது என்றால்

செப்டம்பர் 27, சனி

ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முறுக்கு பிழிந்து கொடுத்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஆல்வின் அண்ணன் வந்தார். அவர்தான் அப்பாவுடைய அசிஸ்டென்ட். நாகர்கோவில்காரர். வந்தால் வீடே சத்தமாகிவிடும். வரும்போதே வாழைக்காய் சிப்ஸ் பொட்டலத்தை என் தலையில் வைத்தார்.

"எண்ணே, ஒரு மாசமா ஆளக் காணோம். உம்ம எடத்துக்கு வந்த மனுசன் பேசவே மாட்டாரு. நானே பேசி நானே சிரிச்சிட்டு வாறேன்."

அப்பா தூரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் அம்மாவிடம் சொன்னார்:

"அக்கா, ஒரு விசயம் தெரியுமா? அண்ணனுக்கு என்மேல மரியாத கூடிப் போச்சு. முந்தியெல்லாம் சிக்னலு எனக்குக் கண்ணுல படதுக்கு முன்னாடியே கலரச் சத்தமாக் கூப்பிட்டுருவாரு. 'என்னல தூங்குறியா'ன்னு கேப்பாரு. லீவு போடதுக்கு முன்னாடி கடைசி நாலஞ்சு ட்ரிப்பு பாத்தேளா, நான் கூப்பிடுத வரைக்கும் வாயே தெறக்க மாட்டாரு. நான் 'பச்ச'ன்னா அவரும் 'பச்ச'. பிரமோசனுக்கு என்னையத் தயார் பண்ணுதாரு போல."

அம்மா சிரித்தாள். அப்பா சிப்ஸை எடுத்துக் கடித்தார். அது உடைந்த சத்தம் மட்டும் கேட்டது.

ஆறாம் தேதி திங்கட்கிழமை காலை பாசஞ்சரில் இரண்டு பேருக்கும் சேர்ந்து டியூட்டி வருமாம். அண்ணன் சொன்னார். ஆயுத பூஜை லீவு முடிந்து ஊர் திரும்பும் கூட்டம், உட்கார இடம் இருக்காதாம்.

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்றாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஷெட்டில் நிஜ இன்ஜினுக்கு மாலை போடுவார்கள். இந்த வருடம் அப்பா ஷெட்டுக்குப் போகவில்லை. அதனால் எங்கள் சின்ன இன்ஜினுக்குச் சந்தனம் வைத்து, சாமந்தி இதழ்களை நூலில் கோத்து மாலை போட்டேன். சால்டரிங் அயர்ன், இடுக்கி, ஒயர் சுருள் எல்லாவற்றுக்கும் பொட்டு. அம்மா பொரிகடலை வைத்து, பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போனாள்.

நான் கற்பூரத் தட்டை வைக்கப் பின்னறைக்கு வந்தேன். கதவு பாதி சாத்தியிருந்தது.

அப்பா சிக்னல் ஸ்விட்சுகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு ஸ்விட்சைத் தட்டுவார். கண்ணைத் திறந்து கம்பத்தைப் பார்ப்பார். மெதுவாக, உதடு மட்டும் அசைய, ஒரு நிறத்தைச் சொல்வார். பிறகு குனிந்து எந்த ஸ்விட்ச் என்று பார்ப்பார். ஒவ்வொரு கம்பமாக அப்படிச் செய்தார். ஒவ்வொன்றும் சரியாக வந்தது. பிறகு விரல்களைச் சுருட்டிக் கண்ணருகே வைத்து, அந்தச் சின்ன ஓட்டை வழியாக, மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று தெரியாதபடி பார்த்தார்.

பார்த்துக்கொண்டே நின்றார். உதடு அசையவில்லை.

நான் தட்டைத் தரையில் வைத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினார். நான் பார்த்தது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்:

"கண்ணு, அந்த அவுட்டரை மட்டும் சரி பண்ணிப் போடு. மேல பச்சை, கீழ சிவப்பு. அது முறையா இருக்கோணும்."

அன்றைக்குப் பச்சைதான் என்றவர், இன்றைக்குச் சரி பண்ணச் சொல்கிறார்.

"சரிங்ப்பா."

அக்டோபர் 2, வியாழன்

அம்மா பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா டம்ளரை ஏம்மா தனியா வெக்கறே?"

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பாவுக்கு நெஞ்சுல சளி. டி.பி.ன்னு சொல்லிட்டாங்க. பயப்படாத. மாத்திரை சாப்பிட்டாச் சுத்தமாப் போயிரும். இனி ஆருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

"ரயில்வே ஆஸ்பத்திரியிலயா பாக்கறாங்க?"

"அங்க போனா காலனி பூராத் தெரிஞ்சு போகும். வெளிய ஒரு டாக்டர்கிட்டப் பாக்கறோம். நாலு மாசமாச்சு. ஆருகிட்டயும் மூச்சு விட்டுராத."

அந்த ஆரஞ்சுக் கறைகூட மாத்திரையால்தானாம்.

"மாத்திரையால வேற ஏதாவது பண்ணுமாம்மா?"

"ஒரு மாத்திரை கண்ணுக்கு ஆகாதாமா. மங்கலாத் தெரிஞ்சா உடனே வரச் சொன்னாரு. அப்பாவுக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குது. அந்தத் தெருக் கடைசில வர்ற பஸ்ஸோட போர்டைப் படிக்கறாரு."

போர்டு படிக்கிறார். ஆமாம். எழுத்துக்கு நிறம் வேண்டியதில்லை.

வாய் வரைக்கும் வந்தது. அம்மாவின் கையில் சோப்பு நுரை. அவள் அப்பாவின் டம்ளரை எடுத்து, கீழே விழுந்துவிடக் கூடாதே என்பது போல இரண்டு கையாலும் திட்டில் வைத்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

சொன்னால் அப்பாவை இறக்கிவிடுவார்கள். 'மெடிக்கல்' என்று கூப்பிடுவார்கள். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை, உட்கார இடமில்லாத அந்த ரயில்.

ஆல்வின் அண்ணன் இருக்கிறார், அவர் பார்த்துச் சொல்வார். ஆனால் ஆல்வின் அண்ணன் தும்மினால்? தண்ணீர் குடித்தால்? இன்ஜினுக்குப் பின்புறம் ஏதோ பார்க்கப் போனால்?

யாரிடம் கேட்பது?

அக்டோபர் 3, வெள்ளி

அப்பா கேட்டார்: "அவுட்டர் சரி பண்ணிட்டியா கண்ணு?"

"பண்ணிட்டேனுங்ப்பா."

பண்ணவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, கையில் எடுத்து, கம்பத்துக்குப் பக்கத்தில் கொண்டு போய்விட்டு அணைத்துவிட்டேன். பிறகு வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்பா ஒரு தடவை போட்டுப் பார்ப்பார், நான் பொய் சொன்னேன் என்று கண்டுபிடித்துத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. திட்டினால் அவருக்குத் தெரிகிறது என்று அர்த்தம்.

அப்பா ஸ்விட்சைப் போட்டார். மேலே எரிந்தது. சிவப்பு.

"ம். இப்பச் சரி" என்றார்.

அக்டோபர் 5, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

சாயங்காலம் ஆல்வின் அண்ணன் வந்தார். நாளைக்குக் காலை எத்தனை மணிக்குச் சேர்ந்து போகலாம் என்று கேட்கத்தான் வந்தார். அம்மா காபி போட்டாள். அப்பா சந்தோஷமாக இருந்தார். யூனிஃபார்ம் சட்டையை நானே தேய்த்து வைத்திருந்தேன்.

"எங்க, உங்க ரயிலெல்லாம் ஓடுகா?" என்றார் அண்ணன்.

"எம் புள்ள பூரா எல்.இ.டி. போட்டிருக்கறா, வா காட்டறேன்" என்று அப்பா கூட்டிக்கொண்டு போனார்.

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். அவுட்டர் வேலை செய்யவில்லை என்று ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தாலும் போதும். நான் போய் ஸ்விட்ச் பக்கம் நின்றேன்.

அண்ணன் குனிந்து பார்த்து, "ஏ யப்பா! ஜோலார்பேட்டையவே கொண்டு வந்து வெச்சிருக்கா" என்றார். ரயில் கிளம்பியது. அப்பா ஓட்டினார். அண்ணன் விளையாட்டாக அட்டென்ஷனில் நின்றுகொண்டு கையை நீட்டினார். முதல் கம்பம். "பச்சை!" "பச்ச!" இரண்டாவது. "மஞ்சள்!" "மஞ்ச!" அம்மா காபித் தட்டோடு வாசற்படியில் நின்று சிரித்தாள்.

அவுட்டர் வந்தது. நான் மேல் விளக்கைப் போட்டேன்.

"அவுட்டர் பச்சை!" என்றார் அப்பா. குரல் தெளிவாக இருந்தது. நிஜ இன்ஜினில் சொல்கிற குரல்.

அண்ணனின் கை பழக்கத்தில் முன்னால் போனது. "பச்..." என்று வாய் தொடங்கி நின்றுவிட்டது. அவர் சிரிப்போடு அப்பாவைப் பார்த்தார், அப்பா விளையாடுகிறாரா என்று. அப்பா விளையாடவில்லை. சிரிப்பு அப்படியே அண்ணன் முகத்தில் நின்றது.

ரயில் கம்பத்துக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் சொல்ல வேண்டும் என்பதுதான் முறை.

"சிவப்பு" என்றேன்.

கையை முன்னால் நீட்டினேன். மறுபடி சொன்னேன். "அவுட்டர் சிவப்பு!"

ரயில் அதைத் தாண்டிப் போய்விட்டது. பலகையைச் சுற்றி வந்து மறுபடியும் தாண்டியது. நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அந்தச் சிவப்பு விளக்கின் வெளிச்சம் ஒவ்வொரு பெட்டியிலும் பட்டுப் பட்டு நகர்ந்தது.

அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார். "எண்ணே. செவப்புல்லா எரியுது."

அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சரி பண்ணிட்டேன்னு சொன்னியே கண்ணு."

அந்த ஒரு வாக்கியம்தான். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சந்தேகம் கேட்பதைப் போலக் கேட்டார். நான் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க" என்றாள் அம்மா. தட்டில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. "ஏனுங்க, அது என்ன கலர்னு தெரியலீங்களா? அந்த மாத்திரைங்களா? டாக்டர் சொன்னாரே, கண்ணுக்குன்னு சொன்னாரே."

"மங்கலா இல்ல மேகலா" என்றார் அப்பா. "எல்லாம் நல்லாத் தெரியுது. கலர்தான் வெளுத்துப் போச்சு. மேல எரிஞ்சா பச்சை, கீழ எரிஞ்சா சிவப்பு. அத வெச்சுச் சமாளிச்சுப் போடலாம்னு..."

"ராத்திரில எப்டிண்ணே?" என்றார் ஆல்வின் அண்ணன். "ராத்திரி தூரத்துல இருந்து பாத்தா ஒரு புள்ளிதான தெரியும். மேலயா கீழயான்னு எப்டித் தெரியும்?"

"நீ கூப்பிடுவியல்ல."

அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நான் மரியாதன்னு நெனச்சேன்" என்றார். அதையே இன்னொரு தடவையும் சொன்னார். எப்போதும் சத்தம் போடுகிறவர், யாரோ அடித்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார். "நான் எத்தன மட்டம் போன் பாத்துருக்கேன் தெரியுமாண்ணே, நீரு பாக்கேருங்கிற தைரியத்துல."

அப்பா ரயிலை நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்தார். கடைசியாக அவுட்டர்.

யாரும் காபி குடிக்கவில்லை.

அப்பா என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. படுக்கப் போகும்போது அறை வாசலில் நின்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தேய்த்து வைத்த சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் நல்லது செய்தேனா? நல்லது செய்தால் இப்படியா இருக்கும்?

அக்டோபர் 6, திங்கள்

விடிந்ததும் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டார். யூனிஃபார்ம் இல்லை, கட்டம் போட்டது. அம்மா மாத்திரை அட்டைகளையெல்லாம் மஞ்சப் பையில் போட்டுக்கொண்டாள். வாசலில் ஆல்வின் அண்ணன் தன் வண்டியோடு நின்றார். அவரும் டியூட்டிக்குப் போகவில்லை, வேறு ஆள் போடச் சொல்லிவிட்டாராம்.

"ரயில்வே ஆஸ்பத்திரிக்கா?" என்று பக்கத்து வீட்டு ஆயிஷா அத்தை கேட்டார்.

"ஆமாங்க" என்றார் அப்பா சத்தமாக. "கண்ணுல கொஞ்சம் கோளாறு."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பாசஞ்சர் போகும் நேரத்துக்கு மாடிக்குப் போனேன். படிக்கட்டு வரை ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். யாரோ ஒரு சின்னப் பெண் ஜன்னலிலிருந்து எனக்குக் கை காட்டினாள். நானும் காட்டினேன்.

அக்டோபர் 9, வியாழன்

அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். கண்ணில் வெளிச்சம் அடித்து, நிறப் புள்ளிகள் போட்ட புத்தகம் காட்டிப் பார்த்தார்களாம். நிறம் திரும்பி வரலாம், மாதக்கணக்காகலாம், வராமலும் போகலாம். முன்பே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் அப்பாவைத் திட்டினாராம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் படிக்கிற பார்வையும் போயிருக்கும் என்றாராம். உடம்பு தேறியதும் ஆபீஸில் உட்கார வேண்டும். இன்ஜின் இல்லை. இப்போதைக்கு இல்லை என்கிறாள் அம்மா.

தெருமுனையில் பசங்க ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். 'மெடிக்கல்' என்று காதில் விழுந்த மாதிரி இருந்தது. விழாத மாதிரியும் இருந்தது.

அப்பா என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறார். உப்பு எடு. கதவைச் சாத்து.

அக்டோபர் 12, ஞாயிறு

பேசவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. பலகாரம் சுட்டு அம்மா களைத்துப் படுத்துவிட்டாள்.

சாயங்காலம் பின்னறையில் சத்தம் கேட்டது. போனேன். அப்பா ரயிலின் மேலிருந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தார். காய்ந்த சாமந்தி மாலை இன்னும் இன்ஜினில் இருந்தது. என்னைப் பார்த்ததும், "ஸ்விட்சுக்குப் போ" என்றார்.

போய் நின்றேன்.

"அவுட்டர் அப்படியேதான் இருக்குதா?"

"ஆமாங்ப்பா. மாத்தல."

"மாத்தாத."

பிறகு அட்டையில் செய்த ஒரு சின்னக் குழாயை எடுத்தார். அதை அவுட்டர் கம்பத்துக்கு முன்னால் நிறுத்தினார். அதன் வழியாகப் பார்த்தால் மேலேயா கீழேயா என்று தெரியாது, ஒரு புள்ளி மட்டும் தெரியும். அதை எப்போது செய்தார் என்று தெரியவில்லை. ரயிலைக் கிளப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தக் குழாய்க்கு நேராகக் குனிந்து உட்கார்ந்தார்.

"போடு. எதை வேணாப் போடு. சொல்லாத."

நான் போட்டேன்.

ரயில் ஸ்டேஷனிலிருந்து கிளம்பி, பாலத்தில் ஏறி, வளைவில் திரும்பியது. அப்பா கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ ஊசி வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். அவர் திரும்பவில்லை. ரயில் கம்பத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தது.

"தெரியல" என்றார்.

கையை நீட்டி, வாய்விட்டு, சிக்னல் சொல்கிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டு வேகத்தைக் குறைத்து, நிறுத்தினார். ரயில் அவுட்டருக்கு முன்னால் நின்றது.

பிறகு என்னைப் பார்த்தார். நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்.

"பச்சை" என்றேன். "அவுட்டர் பச்சைங்ப்பா."

"சரி" என்றார். ஆனால் ரயிலை எடுக்கவில்லை. "இன்னொருக்காப் போடு."